ஏழு நிறுவனம், ஏழு நிர்வாகம், நடுவே ஒரே இணைப்பு: யார் சொன்னால் யார் கேட்பார்கள்?

பதிவு 1 | கூட்டுக்கணு

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

ஏழு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தகவல் பரிமாற்ற ஏற்பாட்டில் நான் ஒருங்கிணைப்பாளர். ஏழுக்கும் தனித்தனி நிர்வாகம். ஆளுக்கொரு ஐடி தலைவர், ஆளுக்கொரு பட்ஜெட், ஆளுக்கொரு மென்பொருள். ஒருவர் பதிவு செய்யும் விவரம் மற்ற ஆறு பேருக்கும் தேவை என்பதால் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மாதம் ஒரு கூட்டம் நடத்துவேன், மின்னஞ்சல் அனுப்புவேன். உத்தரவு போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது.

போன மாதம் 1ஆம் தேதி உறுப்பினர்களில் ஒருவர் தன் மென்பொருளைப் புதுப்பித்தார். அதில் அனுப்பும் தேதியின் வரிசை மாறிவிட்டது. நாள், மாதம், ஆண்டு என்று வந்துகொண்டிருந்தது மாதம், நாள், ஆண்டு என்று வர ஆரம்பித்தது. 12ஆம் தேதி வரை ஒருவருக்கும் தெரியவில்லை. 13 பிறந்ததும்தான் இரண்டு இடங்களில் ‘13ஆவது மாதம் கிடையாது’ என்று பதிவுகள் நின்றன. அதற்குள் பன்னிரண்டு நாள் விவரம் ஆறு இடங்களிலும் போய் உட்கார்ந்துவிட்டது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக வந்த ஒரு நாளைத் தவிர மற்றதெல்லாம் தவறு. அந்தத் தவறான தேதிகளை வைத்து அவரவர் அறிக்கைகளும் தயாரித்துவிட்டார்கள். திருத்தும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கள் வீட்டைத்தான் அவர்கள் சீர்செய்தார்கள். அது எங்களை எப்படிப் பாதிக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த வழியை உண்டாக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது மேலிடத்தில் ஒரு வரைவு தயாராகிறது. ‘இனி எந்த உறுப்பினரும் எந்த மாற்றம் செய்தாலும் மையக் குழுவின் அனுமதி பெற வேண்டும்.’ இரண்டு பேர் கையெழுத்துப் போட மாட்டோம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். அந்த வரைவு வேண்டாம் என்று என் மனம் சொல்கிறது, ஆனால் அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று சொல்லத் தெரியவில்லை. இப்படித் தனித்தனியாக ஓடும் அமைப்புகளை ஒன்றாக ஆண்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | வழிச்செலுத்தி

கூட்டுக்கணு, உங்கள் மனம் சொல்வது சரி. அந்த வரைவு நிறைவேறினால் ஆறு மாதத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். மையக் குழு எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி தரும், அல்லது உறுப்பினர்கள் குழுவிடம் சொல்லாமலே மாற்றுவார்கள்.

நான் நெட்வொர்க் ஆள். எனக்குத் தெரிந்த மிகப்பெரிய உதாரணம் இணையம்தான். பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள், தலைமை நிர்வாகி என்று யாரும் இல்லை. எந்த முகவரிக்கு எந்த வழி என்பதை பிஜிபி என்ற நெறிமுறை மூலம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், சொன்னதை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2008 பிப்ரவரியில் பார்த்தோம். பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்குவதற்காக ஒரு வழி அறிவிப்பைப் போட்டது. அது உள்ளேயே நிற்காமல், மேலே இணைப்புக் கொடுத்த நிறுவனம் வழியாக வெளியே கசிந்தது. யூடியூப் தானே அறிவித்திருந்ததைவிடக் குறுகலான முகவரித் தொகுதி அது. பிஜிபியில் குறுகலானதற்குத்தான் முன்னுரிமை. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் போய்ச் சேரவில்லை.

உங்கள் தேதிக் கதையும் இதுவும் ஒன்றுதான். உள்வீட்டுக் காரணத்துக்காகச் செய்த மாற்றம் வாசல் தாண்டிவிட்டது, வாசலில் சரிபார்க்க யாரும் இல்லை.

அதன்பின் இணையத்தில் யாரும் ‘இனி வழி அறிவிப்புக்கு அனுமதி வாங்கு’ என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. ஆர்பிகேஐ என்று ஒன்று வளர்ந்தது. முகவரிக்குச் சொந்தக்காரர் ‘இதை அறிவிக்க இந்த நெட்வொர்க்குக்குத்தான் உரிமை’ என்று கையொப்பமிட்டுப் பொதுவில் வைப்பார். பெறுபவர் அதோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தூக்கிப் போடலாம். 2014-இல் மேனர்ஸ் என்ற உடன்பாடு வந்தது. அதில் சேரும் நெட்வொர்க்குகள் சில அடிப்படைக் கடமைகளைத் தாங்களாகவே ஏற்கின்றன: தவறான அறிவிப்பைத் தன் வழியாக வெளியே விடாதே, தொடர்பு விவரத்தைச் சரியாக வைத்திரு, இப்படி.

இதில் கவனிக்க வேண்டியது, யாருடைய உள்வீட்டுக்குள்ளும் யாரும் நுழையவில்லை. வாசலில் மட்டும் காவல்.

பதிவு 3 | தணிக்கைமேசை

வழிச்செலுத்தி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி எனக்குக் கவலை தருகிறது.

‘உள்வீடு உன் பாடு’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இணைந்த அமைப்பில் ஒருவரின் உள்வீட்டுப் பலவீனம் அவரோடு நிற்பதில்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். திருடர்கள் கைக்குப் போனது 8.1 கோடி டாலர், முயற்சி நடந்ததோ கிட்டத்தட்ட 95 கோடிக்கு. வங்கிகள் ஒன்றுக்கொன்று பணப்பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் நெட்வொர்க்கைத் திருடர்கள் உடைக்கவில்லை. வங்கியின் சொந்தக் கணினிகளுக்குள் நுழைந்து, அங்கிருந்து முறையான செய்திகளாகவே அனுப்பினார்கள். வாசலில் நின்று பார்த்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். வடிவம் சரி, கையொப்பம் சரி, உள்ளே இருந்தவர்தான் வேறு ஆள்.

அதற்கு முன்னால் ஸ்விஃப்ட்டின் நிலைப்பாடு உங்கள் நிலைப்பாடுதான்: உறுப்பினரின் உள் அமைப்பு உறுப்பினரின் பொறுப்பு. அந்தத் திருட்டுக்குப் பிறகு அதே ஆண்டில் வாடிக்கையாளர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள். ஒவ்வொன்றும் தன் உள் கட்டுப்பாடுகள் குறித்து ஆண்டுதோறும் உறுதிமொழி தர வேண்டும். தானே தனக்குச் சான்று தருவது வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல் ஆகிவிடும் என்பதால், பின்னாளில் சுயேச்சையான மதிப்பீடும் கட்டாயமானது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஓர் உறுப்பினரின் உறுதிமொழியை, அவரோடு தொழில் செய்யும் மற்றொரு உறுப்பினர் கேட்டுப் பார்க்கலாம். மையம் தண்டிப்பதைவிட, ‘உன் எதிரில் இருப்பவன் பார்ப்பான்’ என்பது பலருக்குப் பெரிய உந்துதல்.

அதனால் என் கருத்து: மையத்தின் அனுமதி வேண்டாம், ஆனால் உள்வீட்டில் சில விஷயங்களுக்காவது குறைந்தபட்ச வரம்பு வேண்டும். எவை என்பதை ஏழு பேரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

பதிவு 4 | கடைமடை

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். உங்கள் ஏழு பேரில் சிறிய ஆள் ஒருவர் இருப்பார் இல்லையா, வேறொரு கூட்டமைப்பில் அந்தச் சிறிய ஆள் நான். எங்கள் ஐடி பிரிவில் இரண்டு பேர். நானும் இன்னொருவரும்.

தணிக்கைமேசை சொல்லும் ‘குறைந்தபட்ச வரம்பு’ எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு படிவமாக. அதில் பாதி, எங்களிடம் இல்லாத தரவு மையத்தைப் பற்றியது. அதை நிரப்ப மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்ய வேண்டிய பாதுகாப்புத் திருத்தங்கள் தள்ளிப்போயின. பாதுகாப்பாக இருக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பதற்காகப் பாதுகாப்பு வேலையை நிறுத்தி வைத்தோம். இதைக் கூட்டத்தில் சொன்னேன். ‘எல்லாருக்கும் ஒரே விதி’ என்று பதில் வந்தது.

பெரிய உறுப்பினர்களிடம் இதற்கென்றே தனி அணி இருக்கிறது. விதி ஒன்றுதான், அதன் சுமை ஒன்றல்ல. வாய்க்காலின் தலைமடையில் இருப்பவர் எழுதும் விதி, கடைமடையில் இருப்பவரிடம் வரும்போது என்னவாக மாறுகிறது என்று எழுதுகிறவர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சேர்ந்து இருப்பதில் எங்களுக்குத்தான் அதிகப் பயன், வெளியேற ஆசை கிடையாது.

பதிவு 5 | பழுப்பேடு

கடைமடை சொன்னதற்கு ஒரு ஆராய்ச்சித் துணை உண்டு. எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர். பாசன வாய்க்கால்கள், மீன்பிடித் துறைகள், மேய்ச்சல் நிலங்கள் இவற்றையெல்லாம் அரசும் இல்லாமல் தனியுடைமையும் இல்லாமல் மக்கள் கூடி நீண்டகாலம் காத்து வந்ததை ஆராய்ந்தவர். நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் பொதுவாக இருந்ததாக அவர் காட்டியவற்றில் சில உங்கள் ஏழு பேருக்கு அப்படியே பொருந்தும். விதியால் பாதிக்கப்படுகிறவர் அந்த விதியை மாற்றுவதில் பங்கு பெறுகிறார். விதி அந்த இடத்தின் நிலைமைக்கு ஏற்ப இருக்கிறது. கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, திரும்பச் செய்தால் பெரிது. சச்சரவைத் தீர்க்கச் செலவு குறைந்த, பக்கத்திலேயே உள்ள ஓர் இடம் இருக்கிறது.

கணினித் துறைக்குள்ளேயே இன்னொருவர், மார்க் மையர். 1998-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இந்த வகை அமைப்புகளுக்கு இலக்கணம் வகுத்தது. ஒவ்வொரு உறுப்பும் தனியாகப் பிரித்தாலும் தன் வேலையைச் செய்ய வேண்டும், தனி நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும், சேர்ந்த பிறகும் அந்தத் தனித்தன்மை தொடர வேண்டும். இவை இருந்தால்தான் அது உண்மையில் கூட்டமைப்பு. அவர் அதில் ஒரு எச்சரிக்கை விடுக்கிறார்: எதைக் கட்டுப்படுத்துவது என்பதை மிகக் கவனமாகத் தேர்ந்தெடு. அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்த முயன்றால் அதற்கான அதிகாரம் உன்னிடம் இல்லாததால் தோற்பாய், குறைவாகக் கட்டுப்படுத்தினால் சேர்ந்திருப்பதே கலைந்துவிடும். கட்டுப்பாட்டுக்கு ஏற்ற இடம் இணைப்பு முனைகள் என்கிறார்.

கூட்டுக்கணுவின் மேலிடத்து வரைவு இதில் முதல் குழியில் விழுகிறது. இதுவரை இருந்த நிலை இரண்டாவது குழி.

பதிவு 6 | இரவுப்பணி

தத்துவம் எல்லாம் சரி. அந்த 13ஆம் தேதி இரவு யார் யாரைக் கூப்பிட்டார்கள்? எத்தனை மணி நேரம் ஆனது? எனக்கு அது தெரிய வேண்டும்.

பதிவு 7 | கூட்டுக்கணு

இரவுப்பணி, நல்ல கேள்வி. உண்மையைச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு முதல் நிறுவனத்தில் பதிவுகள் நின்றன. தங்கள் மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து மாலை வரை தங்களையே சோதித்தார்கள். இரண்டாவது நிறுவனத்திலும் அதே கதை. இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர் தெரியாது. மறுநாள் மதியம் தற்செயலாக நான் இருவரிடமும் வேறு வேலையாகப் பேசியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அனுப்பிய நிறுவனத்தில் யாரிடம் பேசுவது என்று தேடி, எங்கள் பட்டியலில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் அவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டாகிவிட்டது.

பதிவு 8 | இரவுப்பணி

அப்படியென்றால் உங்கள் முதல் விதி இதுதான்: ஒவ்வொரு உறுப்பினரிடமும் எந்த நேரமும் எடுக்கக்கூடிய ஒரு எண், மாதம் ஒருமுறை அழைத்துச் சோதிக்கப்பட்டது. கொள்கை ஆவணம் எல்லாம் அதற்கு அப்புறம். ஒன்றரை நாளை அந்த ஒரு எண் மிச்சப்படுத்தியிருக்கும்.

இரண்டாவது, அந்தப் பட்டியலை எங்கே வைப்பீர்கள்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போனது. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு பிழை இருந்தது. அதன் தொடர்ச்சியாக, தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களுக்கான வழி அறிவிப்புகளும் விலகிக்கொண்டன. எனக்கு உறைத்தது அதற்கு அடுத்த பகுதி: சரிசெய்வதற்கான உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் அவையும் வேலை செய்யவில்லை. பொறியாளர்கள் நேரில் போய்த் திறக்க வேண்டியதாயிற்று. ஒரே நிர்வாகத்துக்குள்ளேயே இந்தப் பாடு. உங்களுக்கு ஏழு நிர்வாகம். அவசரத் தொடர்புப் பட்டியலை இணைப்புக்கு வெளியே வையுங்கள், ஏழு பேரிடமும் காகிதத்திலும் இருக்கட்டும்.

மூன்றாவது, நிறுத்தும் அதிகாரம். கோளாறு என்று தெரிந்த பின்னும் தவறான தேதி எத்தனை மணி நேரம் வந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். நிறுத்தலாமா என்று கேட்டு யாராவது காத்திருந்திருப்பார்கள். பணியில் இருப்பவர் மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்த உரிமை வேண்டும், நிறுத்தியதற்காக அவரைப் பின்னால் குறை சொல்லக் கூடாது. இதை எழுத்தில் வாங்குங்கள்.

பதிவு 9 | வழிச்செலுத்தி

இரவுப்பணியின் மூன்றாவது புள்ளியோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். இந்தத் தேதிச் சிக்கலின் வேர் அனுப்பியவரிடம் மட்டும் இல்லை. ஆறு பேரில் இரண்டு பேர்தான் 13ஆவது மாதத்தை மறுத்தார்கள் என்கிறீர்கள். மற்ற நான்கு பேர் என்ன செய்தார்கள்? ஏதோ ஒரு விதத்தில் விழுங்கியிருப்பார்கள்.

இணைய நெறிமுறைகளை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கொள்கை உண்டு: அனுப்புவதில் கண்டிப்பாக இரு, பெறுவதில் தாராளமாக இரு. இணையம் வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நாளடைவில் அதன் விலையும் தெரிந்தது. பெறுபவர் தாராளமாக இருந்தால் அனுப்புபவரின் தவறு அவருக்குத் தெரியாமலே போகும். தெரியாத தவறு பரவும், கடைசியில் அந்தத் தவறையும் ஆதரித்தே தீர வேண்டும் என்ற நிலை வரும். இணையக் கட்டமைப்பு வாரியமே 2023-இல் வெளியிட்ட ஓர் ஆவணம் இந்தத் தாராளத்தின் தீமைகளை விரிவாக எடுத்து வைத்தது.

எனவே ‘மறுப்பது நட்புக்கு விரோதம்’ என்ற எண்ணத்தை உங்கள் ஏழு பேரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். முதல் நாளே ஆறு பேரும் மறுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகியிருக்கும். ஆனால் முதல் நாள் எப்படி மறுப்பது, 1 முதல் 12 வரை இரண்டு வரிசையும் செல்லுமே என்று கேட்பீர்கள். வடிவத்தை மட்டும் பார்த்தால் முடியாது. ‘இன்று நடந்த பரிவர்த்தனை’ என்று வரும் பதிவில் தேதி ஐந்து மாதம் முன்பு இருக்கலாமா என்று பொருளையும் பார்க்க வேண்டும். அல்லது ஆண்டு முதலில் வரும் ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தர வரிசையைக் கட்டாயமாக்குங்கள், குழப்பமே வராது.

பதிவு 10 | கடைமடை

வழிச்செலுத்தி, பெறுபவருக்கு மறுக்கும் உரிமை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பெறுபவர் எல்லாரும் ஒரே அளவு இல்லை. மின்னஞ்சலைப் பாருங்கள். போலி அனுப்புநரைத் தடுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் பல ஆண்டுகளாக இருந்தன, பலர் போடவே இல்லை. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புபவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் அஞ்சலுக்கு மேல் அனுப்புபவர்கள் அதில் அடக்கம். அறிவிப்பு வந்த சில மாதங்களில் எல்லாரும் ஓடி ஓடிச் செய்தார்கள்.

விளைவு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே விதியை நான் போட்டிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா? நான் மறுத்தால் நட்டம் எனக்கு, பெரியவர் மறுத்தால் நட்டம் மற்றவருக்கு. மறுக்கும் உரிமையை மட்டும் விதியாக வைத்தால், பேர் கூட்டமைப்பு, நடப்பது பெரியவரின் ஆட்சி. எந்தக் காரணத்துக்கு மறுக்கலாம் என்பதைச் சேர்ந்து முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சிறியவர் மறுத்தாலும் மற்ற எல்லாரும் அதை மதிக்க வேண்டும்.

பதிவு 11 | தணிக்கைமேசை

கடைமடை, நீங்கள் பதிவு 4-இல் எழுதியதற்கே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படிவக் கதை என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அதுபோன்ற படிவங்களை எழுதும் வேலையைத்தான் நான் செய்கிறேன். நூறு கேள்வி கேட்பதற்குப் பதிலாக, இணைப்பைத் தொடும் சில கட்டுப்பாடுகளை மட்டும் கேட்பது, அதையும் ஆளின் அளவுக்கு ஏற்பக் கேட்பது என்று மாற்றிச் சொல்கிறேன்.

மறுப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையதளங்களின் அடையாளத்துக்குச் சான்று தரும் டிஜிநோட்டார் என்ற நெதர்லாந்துச் சான்றிதழ் நிறுவனம் 2011-இல் ஊடுருவப்பட்டது. கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியாயின. நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தும் அது உடனே வெளியே சொல்லவில்லை. வெளிப்பட்டதும் பிரௌசர்கள் அந்த நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை ஒட்டுமொத்தமாக நீக்கின. சரியான முடிவு. ஆனால் நெதர்லாந்து அரசுத் தளங்கள் பலவும் அதே நிறுவனத்தின் சான்றிதழில் ஓடின, அவை அவசர அவசரமாக மாற வேண்டியிருந்தது. அந்த செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலானது.

அதனால்தான் முழுவதுமாகத் துண்டிப்பது ஒன்றே ஆயுதம் என்றால் அதை எடுக்க எல்லாரும் தயங்குவார்கள், தயங்கும் நேரத்தில் சேதம் வளரும். ஒரு வகைப் பதிவை மட்டும் நிறுத்துவது, வேகத்தைக் குறைப்பது, தனியே ஒதுக்கி வைத்துப் பின்னால் சோதிப்பது என்று படிப்படியாக இருக்கட்டும். பழுப்பேடு சொன்ன ‘முதல் தவறுக்குச் சிறிது’ என்பதும் இதுதான். தவறை மறைத்தவருக்கும் தானே முன்வந்து சொன்னவருக்கும் ஒரே தண்டனை கூடாது. டிஜிநோட்டார் அழிந்ததற்கு ஊடுருவல் ஒரு காரணம் என்றால் மௌனம் இன்னொரு காரணம்.

பதிவு 12 | பழுப்பேடு

மையம் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதற்கு எஸ்தோனியா நாட்டின் தரவுப் பரிமாற்ற அமைப்பான எக்ஸ்-ரோட்டைப் பாருங்கள். 2001 முதல் ஓடுகிறது. அரசுத் துறைகளும் தனியார் நிறுவனங்களும் தங்கள் தரவுத்தளங்களைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. நடுவில் எல்லாவற்றையும் கொட்டி வைக்கும் கிடங்கு கிடையாது. ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர். செய்தி ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நேரே போகிறது. கையொப்பமும் நேர முத்திரையும் இடப்பட்டு இரு பக்கமும் பதிவாகிறது. மையம் வைத்திருப்பது உறுப்பினர் பட்டியலும், எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்ற விவரமும், இன்னும் சில அமைப்பு விதிகளும்தான். யார் யாருக்கு எதைத் தரலாம் என்பதைத் தரவுக்குச் சொந்தக்காரர்தான் தன் வாசலில் முடிவு செய்கிறார்.

இதே மென்பொருளைப் பின்லாந்தும் எடுத்துக்கொண்டது. 2017-இல் இரு நாடுகளும் சேர்ந்து இதைப் பராமரிக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கின, 2018-இல் இரண்டு நாட்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று இணைந்தன. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு உத்தரவு போட முடியாது. ஆனாலும் நடக்கிறது.

இரு பக்கமும் பதிவாகிறது என்பதை இரண்டு முறை படியுங்கள் கூட்டுக்கணு. நான் அனுப்பவில்லை, எனக்கு வரவில்லை என்ற சண்டைக்கு அங்கே இடமே இல்லை.

பதிவு 13 | வழிச்செலுத்தி

ஒன்று விட்டுப்போயிற்று. தேதி வடிவத்தை மாற்றச் சொன்னேன், அதை எப்படி மாற்றுவீர்கள் என்று சொல்லவில்லை.

ஒரே நாளில் எல்லாரும் மாறுவது என்பது 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் நடந்தது. பழைய நெறிமுறையிலிருந்து டிசிபி/ஐபிக்கு. சில நூறு கணினிகள்தான், மேலே ஒரே அரசு நிதி. அப்படியும் எளிதாக இல்லை. பிறகு இணையம் பெரிதானதும் அது முடியாத காரியமாகிவிட்டது. இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6-இன் முதல் வரையறை 1995-இல் வந்தது, பழையதும் புதியதும் இன்றைக்கும் அருகருகே ஓடுகின்றன.

நடுவழி ஒன்று உண்டு. டிஎன்எஸ் பதில்கள் உண்மையானவையா என்று சரிபார்க்க உதவும், டிஎன்எஸ் வேரின் முதன்மைச் சாவியை 2017 அக்டோபர் 11 அன்று மாற்ற, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகான் திட்டமிட்டிருந்தது. சில வாரங்களுக்கு முன் கிடைத்த தரவு, கணிசமான டிஎன்எஸ் சர்வர்கள் புதுச் சாவிக்குத் தயாராக இல்லை என்று காட்டியது. அவற்றை நடத்துபவர்கள் ஐகானுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை, யார் யார் என்றுகூட முழுதாகத் தெரியாது. ஐகான் தள்ளி வைத்தது. ஓராண்டு தேடிப் பிடித்துச் சொல்லி, 2018 அக்டோபர் 11 அன்று மாற்றியது. பெரிய பாதிப்பு இல்லாமல் முடிந்தது.

அவர்கள் தள்ளி வைக்க முடிந்ததற்குக் காரணம், யார் தயார், யார் தயாரில்லை என்று அளக்க ஒரு வழி முன்பே இருந்தது. உங்களிடம் இருப்பது ஏழே பேர். யார் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு பொதுப் பலகை வையுங்கள். ஏழாவது ஆள் பச்சையானதும் பழையதை நிறுத்துங்கள். அதுவரை இரண்டும் ஓடட்டும், ஆனால் கடைசி நாள் ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐபிவி6 கதைதான்.

பதிவு 14 | கூட்டுக்கணு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இங்கே எழுதிய எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்துக் கூட்டத்துக்கே கொண்டுபோனேன்.

அனுமதி வரைவு கைவிடப்பட்டது. அதற்குப் பதில் நான்கு பக்கத்தில் ஒன்று எழுதினோம். முதல் பக்கம் முழுக்க இரவுப்பணி சொன்ன தொலைபேசிப் பட்டியலும் நிறுத்தும் உரிமையும். அந்தப் பக்கத்துக்குத்தான் ஏழு பேரும் ஒரே நாளில் சம்மதித்தார்கள். மாதச் சோதனை அழைப்பின் முதல் சுற்றில் இரண்டு எண்கள் வேலை செய்யவில்லை, இப்போது செய்கின்றன.

வாசலுக்கு வெளியே தெரியும் எந்த மாற்றத்துக்கும் 45 நாள் முன்னறிவிப்பு, அதோடு ஒரு மாதிரிக் கோப்பு. உள்ளே என்ன மாற்றினாலும் அவரவர் விருப்பம். தேதி இனி ஆண்டு முதலில். பதிப்புப் பலகை வைத்துவிட்டோம். ஐந்து பேர் மாறிவிட்டார்கள், மீதி இரண்டு பேருக்கு மார்ச் வரை நேரம்.

மறுக்கத்தக்க காரணங்களின் பட்டியல்தான் அதிக நேரம் எடுத்தது. மூன்று கூட்டம். கடைமடை எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். எங்கள் கூட்டத்தில் இருந்த மிகச்சிறிய உறுப்பினர் அதற்கு அப்புறம்தான் முதல்முறையாக வாய் திறந்தார். அந்தக் கோளாறு நடந்ததற்கு முந்தைய மாதமே சில தேதிகள் சந்தேகமாக இருந்தன என்றும், பெரியவர்கள் யாரும் எதுவும் சொல்லாததால் தாமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். தேடிப் பார்த்தோம். அனுப்பிய நிறுவனம் புதுப்பிப்பதற்கு முன் சோதனைக்காகச் சில பதிவுகளை நேரடி இணைப்பிலேயே அனுப்பியிருந்தது. அன்றே அவர் சொல்லியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. அவர் தயங்கியதற்கு நாங்கள் ஏழு பேரும் பொறுப்பு.

உள்வீட்டுக் கட்டுப்பாடுகள் பற்றித் தணிக்கைமேசை கேட்டதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இணைப்பைத் தொடும் கணக்குகளுக்கு இரட்டை அடையாளச் சோதனை என்பதுவரை வந்திருக்கிறோம். அதற்கு மேல் போக ஒருவர் மறுக்கிறார்.

பதிவு 15 | தணிக்கைமேசை

அந்த ஒன்றில் தொடங்குங்கள், போதும். மறுக்கும் உறுப்பினரிடம் காரணம் கேட்டீர்களா? செலவா, ஆள் இல்லையா, அல்லது தன் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயமா? மூன்றுக்கும் மூன்று வேறு பதில்.

பதிவு 16 | கூட்டுக்கணு

ஆள் இல்லை என்கிறார். பெரிய உறுப்பினர் ஒருவர் தன் பொறியாளரை இரண்டு வாரம் அனுப்பத் தயாராக இருக்கிறார். அனுப்பினால் உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாரே என்று இவர் யோசிக்கிறார்.

பதிவு 17 | கடைமடை

அந்த யோசனை எனக்குப் புரிகிறது. பெரியவரின் ஆள் வேண்டாம், என்னைப்போல் இன்னொரு சிறிய உறுப்பினரின் ஆளை அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் இதைப் போன வருடம் செய்தோம். என்ன செய்தோம் என்பதைப் படிப்படியாக எழுதி நாளை இங்கே போடுகிறேன், நீங்கள் அப்படியே அவரிடம் கொடுக்கலாம்.